மூணாம் நம்பர் கேட்

பதினோரு வருஷம் இந்த கேட்டில் நின்றேன்.
உள்ளே ஒரு கன்டெய்னர்கூட இல்லாத
கடைசி நாலு வருஷமும் நின்றேன்.
"இன்னாத்த காக்குற எத்திராஜு?" என்பான்
டீக்கடை ஃபெலிக்ஸ்.
சம்பளத்தை, என்பேன்.

தண்டையார்ப்பேட்டை லாரிகள்
இன்றைக்கும் சுவரை உரசிக்கொண்டுதான் போகின்றன.
சுவருக்கு இந்தப் பக்கம் நாலு ஏக்கர்:
கான்கிரீட், துருவேறிய சங்கிலி,
வெடித்த இடமெல்லாம் சீமைக்கருவேலம்.

பார்க் வருதாம் என்றதுமே
தெரு தன் பார்க்கை வரைந்து முடித்துவிட்டது.
கம்பளம் மாதிரி புல்.
வாயால் தண்ணீர் பீய்ச்சும் சிமென்ட் டால்பின்.
"ராத்திரிக்கு கலர் லைட்டு" என்றாள் நசீமா.
பையன்கள் பிட்ச் மட்டும் கேட்டார்கள்.

வந்தவள் டில்லிராணி.
செடி படித்தவள், கொருக்குப்பேட்டைக்காரி,
மெதுவாகப் பேசத் தெரியாது.
முதலில் கான்கிரீட்டைப் பேர்க்கச் சொன்னாள்.
பிறகு, ஒரு மழைக்காலம் முழுக்க
ஒன்றும் செய்யாதீர்கள் என்றாள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு
எத்தனை கூட்டம் போட்டோம்!

கருவேலம் வேரோடு போன குழிகளில் தண்ணீர் நின்றது.
கொசு என்று மனு எழுதினார்கள்.
நானும் கையெழுத்துப் போட்டேன்.
மனு மேஜை மேஜையாக நகர்வதற்குள்
குழிக்குத் தவளை வந்தது,
தட்டான் வந்தது,
எங்கிருந்தோ ஒரு மடையான்
கவுன்சிலர் மாதிரி வந்து பார்வையிட்டுப் போனது.

தை மாதம் தண்ணீர் வற்ற வற்ற
ஓரமெல்லாம் உப்பு பூத்தது.
அந்த வெள்ளையில், யாரும் நடாமல்,
விரல்நுனி அளவுக்குப் பச்சை.
"உமரி" என்று கிள்ளிக் கொடுத்தாள்.
மென்றேன்.
உப்பு.
"இத்தினி வருஷம் கான்கிரீட்டுக்கு அடியில இருந்துச்சா?"
"இருந்திருக்கலாம். தண்ணியில வந்திருக்கலாம்.
தெரியலண்ணே."
தெரியவில்லை என்று அவள் சொன்ன அன்றைக்குத்தான்
அவளை நம்ப ஆரம்பித்தேன்.

மேட்டில் வைத்தவை வேறு.
புன்னை நின்றது. நுணாவில் மூன்று செத்தன.
கிளா பிழைத்ததோடு
மேய வந்த ஆட்டையும் குத்தி அனுப்பியது.
"காசு செலவு பண்ணி பொதர் வளக்குறீங்க"
என்றாள் நசீமா, குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு.
அவள் சொன்னதில் தப்பில்லை.

சித்திரையில் கிளாட்சன் ஓடிவந்தான்.
பிட்ச்சுக்கு நட்டநடுவே, சரளைக்குள்,
நாலு கல் சூடாக இருக்கிறதாம்.

ஆட்காட்டி.
ஆள் நிழல் பட்டாலே அலறும்.
இறக்கை ஒடிந்ததுபோல் நடித்து
நம்மை வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.
சம்பளமில்லை, விசில் இல்லை, நாற்காலி இல்லை;
என்னைவிட நல்ல வாட்ச்மேன்.

பையன்கள் கூடி நின்று வாதாடினார்கள்.
கெட்டவார்த்தைகள் பறந்தன.
கடைசியில் ஸ்டம்பைப் பிடுங்கி
சுவரோரம் நட்டார்கள்.
புது ரூல்:
பந்து முட்டைப் பக்கம் போனால்
அடித்தவன் அவுட்.
அந்த மாதம் முழுக்க
வியாசர்பாடி டீமே வந்தும்
ஒருத்தனும் ஆஃப் சைடில் அடிக்கவில்லை.

மூன்று பொரிந்தன. ஒன்றைக் காக்கா தூக்கியது.
மீதி இரண்டும், காலுக்கு மேலே பஞ்சு வைத்தாற்போல்,
உமரிக்குள் ஓடி மறைந்தன.

மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
இன்னும் அதே வாடைதான்.
கேட்டைக் கழற்றி
எடைக்குப் போட்டுவிட்டார்கள்.
பூட்டின் சாவி
என் கொத்தில் கிடக்கிறது.

"கலர் லைட்டு இன்னாச்சு?" என்று
நசீமா இன்னும் கேட்கிறாள்.
சொல்றேம்மா, என்கிறேன்.
யாரிடமும் சொல்லவில்லை.